மேல் மூலை வீட்டு மீட்டர்

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. மீட்டரக்கா என்றால்தான் தெரியும். தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார். மாடிப்படிக்கு அடியில், சைக்கிள்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மீட்டர் அறையின் சாவி அவள் கைப்பையில்தான் கிடக்கும். மருந்துக்கடை கல்லாவில் நாளெல்லாம் பில் போட்டுவிட்டு வருகிறவள், நேரே வீட்டுக்குப் போக மாட்டாள். அந்த அறைக்குள் நுழைந்து, சுவர் முழுக்க வரிசையாகப் பதித்திருந்த மீட்டர்களின் முன்னால், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மாடியேறுவாள்.

ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் ஓட ஓட அது கண்சிமிட்டும். ஃபிரிட்ஜ் மட்டும் ஓடுகிற வீட்டில் தூங்கி வழிகிற காவலாளியைப் போல எப்போதாவது ஒரு சிமிட்டல். ஏசி போட்ட வீட்டில் படபடவென்று அடித்துக்கொள்ளும். எண்ணைப் பார்க்காமலே, "பல் டாக்டர் வீட்டிலே சட்டை தேய்க்கறாங்க" என்று சொல்லிவிடுவாள். பல் டாக்டர் முதல் மாடிக்காரர். அவருக்கு இது பிடிக்காது. "இந்தம்மா இருக்கறவரைக்கும் வீட்டிலே ரகசியமா ஒரு டோஸ்ட்கூடப் போட முடியாது" என்பார்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு கதை இருந்தது. அவள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், குடியிருந்த வாடகை வீட்டின் ஓனர் தன் தண்ணீர் மோட்டாரை இவர்கள் மீட்டரில் இழுத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலே எல்லா விளக்கையும் அணைத்த பிறகும் மீட்டர் ஓடுகிறதே என்று கண்டுபிடித்தது அவள்தான். "என் பொண்ணு கண்ணுக்குக் கரண்டே தெரியுது" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றைக்குத் தலைக்கேறியது அப்புறம் இறங்கவே இல்லை.

கல்யாணமாகி இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் வாரத்தில், நாத்தனார் உட்கார்ந்திருந்த அறையில் ஃபேனை அணைத்துவிட்டுப் போனாள். வேண்டுமென்று செய்ததல்ல, கைப்பழக்கம்.

"தம்பி, உன் பொண்டாட்டிக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இங்கே உக்காந்திருக்கிறது ஆளா, அலமாரியான்னு கேளு."

அன்றைக்கு விழுந்த முடிச்சு. அம்மா போன பிறகு தையல் மெஷினை மிதித்து மிதித்தே தம்பியை ஆளாக்கியவள் அந்த நாத்தனார். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மெஷின் கொடுத்த காசிலேயே மேல்மாடி மூலை வீட்டை வாங்கினாள். அங்கேயே தைத்தாள், அங்கேயே தூங்கினாள். தம்பி டயர் கடையில் வேலை பார்த்தான். அவன் குடும்பம் இரண்டாவது மாடியில். மேலேயிருந்து கீழே சண்டை போட லிப்ட் தேவைப்படவில்லை, பால்கனி போதுமானதாக இருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் பழைய கட்டடங்களுக்கென்று அரசாங்கம் ஒரு மின்சிக்கனத் திட்டம் கொண்டுவந்தது. குடியிருப்போர் சங்கத்துக்கு வங்கி குறைந்த வட்டியில் கடன் தரும். அதைக் கொண்டு மொட்டை மாடியில் வெப்பம் இறங்காத பலகை பதித்து மேலே வெள்ளை ஓடு போட வேண்டும். ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. கரண்டைக் குடிக்கிற பழைய ஏசிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவை. அடுத்து வருகிற கோடையில் கட்டடத்தின் மொத்த மின்செலவு போன கோடையைவிடக் கால் பங்கு குறைந்தால், கடனில் பாதி தள்ளுபடி. குறையாவிட்டால் தள்ளுபடியும் கிடையாது, சலுகை வட்டியும் கிடையாது. வீட்டுக்கு வீடு தனிக் கணக்கெல்லாம் இல்லை. மொத்தக் கட்டடமும் ஒரே உடம்பு. ஒரு விரல் வீங்கினாலும் எல்லோருக்கும்தான் வலி.

கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு நடந்த கூட்டத்தில் மீட்டரக்காவை ஏகமனதாகச் செயலாளர் ஆக்கினார்கள். நாத்தனார் மட்டும் நாற்காலியில் உட்காராமல் தூணில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"கால் பங்கு குறையலேன்னா?"

"குறையும் அண்ணி. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துப்பே. நீ பாத்துக்காத மீட்டர் எது? குறையலேன்னா யார் வீட்டாலே குறையலேன்னு ஒரு பேச்சு வருமில்லே, அதைச் சொல்றேன்."

"அப்படியெல்லாம் யாரும் பேச மாட்டாங்க" என்றார் பல் டாக்டர். நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையில், அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வேலை தடதடவென்று நடந்தது. கோடை பிறப்பதற்குள் முடித்தால்தான் இந்த ஆண்டுக் கணக்கில் சேரும். புது ஏசிகளின் சூட்டை ஊதுகிற வெளிப்பெட்டிகளைச் சுவர் சுவராகத் தொங்கவிட வேண்டாம், எல்லாவற்றையும் மொட்டை மாடியில் ஒரே இரும்புச் சட்டத்தில் அடுக்கிவிடலாம் என்றார் கான்ட்ராக்டர். குழாய்கள் மேலே வந்து சேருகிற இடம் ஒரு மூலை. அந்த மூலைக்கு நேர் கீழே நாத்தனார் வீடு. சட்டத்தின் கால்கள் தரையில் ஊன்றியிருந்ததால் அந்த மூலையில் மட்டும் பலகை பதிக்க முடியவில்லை.

"இது ஒரு விஷயமே இல்லைம்மா" என்றார் கான்ட்ராக்டர். "கோடை முடியட்டும். சட்டத்தை நகத்தி அடியிலே போட்டுக் குடுத்துடறேன். இப்ப இதுக்காக நிறுத்தினா தேதி போயிடும்."

இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. எல்லோரும் மேலே ஏறிப் பார்த்தார்கள். நாத்தனாரும் பார்த்தாள். "ஊர்ச் சூடெல்லாம் என் தலைக்கு மேலேயா? சரிதான், குளிர்காலத்துக்கு ஆகும்" என்று சிரிப்புக்குச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். வேலை முழுமையாக முடிந்தது என்று செயலாளர் கையெழுத்துப் போட்டாள்; வங்கி மிச்சப் பணத்தை விடுவித்தது; கான்ட்ராக்டர் அடுத்த கட்டடத்துக்குப் போனார்.

கோடை வந்தது. வெயில் காலையிலேயே கதவைத் தட்டுகிற ஆண்டு அது. மீட்டரக்கா லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை மாட்டினாள். வீட்டு எண், அதற்கு நேரே மாதச் செலவு. அதிகம் செலவழித்த வீட்டுக்குச் சிவப்பு மையில் வட்டம், குறைத்த வீட்டுக்கு ஒட்டுகிற நட்சத்திரம். பிள்ளைகள் விளையாட்டு மாதிரிதான். ஆனால் லிப்ட் வருவதற்குள் எல்லோரும் அதைத்தான் படித்தார்கள்.

முதல் மாதச் சிவப்பு வட்டம் மேல் மூலை வீட்டுக்குப் போயிற்று. வேறு எந்த வீடும் பக்கத்தில் வர முடியாத அளவு.

"என்ன, மேல் வீட்டு மகாராணி தையல் மெஷினுக்கும் ஏசி போடறாங்களா?" என்றார் பல் டாக்டர். லிப்டில் கூட நின்றவர்கள் சிரித்தார்கள். துணிப்பையோடு அவர்களுக்குப் பின்னால் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள் என்பது லிப்ட் கதவு மூடிய பிறகுதான் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது எல்லோருக்கும் நல்ல சகுனமாகப் பட்டது.

அடுத்த மாதம் அந்த வீட்டு எண் சடாரென்று விழுந்தது. அதற்கடுத்த மாதம் இன்னும். கட்டடத்திலேயே குறைவு. மீட்டரக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூலை வீட்டு விளக்கு நிதானமாக, பெருமூச்சு விடுகிற மாதிரி சிமிட்டிக்கொண்டிருந்தது. நட்சத்திரத்தைத் தன் கையாலேயே ஒட்டினாள்.

"பாத்தீங்களா, உங்கக்கா வழிக்கு வந்துட்டாங்க" என்றாள் கணவனிடம்.

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "ம்" என்றான்.

அந்த நாட்களில் அவன் மருந்துக்கடைக்கு அடிக்கடி வந்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை அட்டைப்பெட்டியோடு வாங்கிப் போனான். "கடைப் பசங்களுக்கு. வெயில்லே டயரைத் தூக்கிச் சுருண்டு விழறானுங்க" என்றான். பில் போட்டுக் கொடுத்தது அவள்தான். ஊழியர் சலுகையும் கழித்துக் கொடுத்தாள்.

கோடை முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தாள். இப்படியே போனால் கால் பங்கைத் தொட்டுவிடலாம். மயிரிழைதான், ஆனாலும் தொட்டுவிடலாம். சந்தோஷத்தில் சங்கத்தின் பரிசு என்று ஒரு எல்.இ.டி. பல்பு பெட்டி வாங்கினாள். விடுமுறை நாளில், நண்பகலில், அதை எடுத்துக்கொண்டு மேலே போனாள். நாத்தனார் என்ன குத்தல் பேசினாலும் இன்றைக்குப் பதில் பேசுவதில்லை என்று லிப்டிலேயே முடிவு செய்துகொண்டாள்.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. அடுப்பில் இருக்கிற பாத்திரத்தின் மூடியைத் தூக்கின மாதிரி. ஜன்னலில் ஈரப் போர்வை தொங்கிக் காய்ந்து விறைத்திருந்தது. தையல் மெஷின் கூடத்தில் இல்லை. சமையலறைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தது. மேலே கூரைக்கு அந்தப் பக்கம், இத்தனை வீட்டு வெளிப்பெட்டிகளும் சேர்ந்து ஊதுகிற உறுமல், லாரி நிற்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

"அண்ணி."

குளியலறையில், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, இன்னொரு வாளித் தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு, யாரோ ஒருவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள் நாத்தனார். ஊசி சட்டையில் இல்லை, காற்றில் போய்வந்துகொண்டிருந்தது. முகம் செக்கச்செவேலென்று, வேர்வையே இல்லாமல் வறண்டிருந்தது.

"வந்துட்டியா?" என்றாள். நாக்கு தடித்திருந்தது. "தம்பி ஸ்கூல் விட்டு வந்துட்டானா? அவனுக்குப் பால் வைக்கணும்."

தம்பிக்குத் தலை பாதி நரைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. மீட்டரக்கா பல்பு பெட்டியைக் கீழே போட்டாள். ஓடிப்போய் ஏசி ரிமோட்டை எடுத்து அமுக்கினாள், மறுபடி அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. பின்பக்கத்தைத் திறந்தால் பேட்டரி இல்லை. சுவர்க் கடிகாரம் கர்மசிரத்தையாக ஓடிக்கொண்டிருந்தது. கை தன்னையறியாமல் ஏசியைப் போட்டுவிடும் என்று பயந்து, பேட்டரியைக் கழற்றிக் கடிகாரத்துக்குப் போட்டிருந்தாள் நாத்தனார். மேஜைமேல் கிழித்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் மருந்துக்கடையின் விலைச்சீட்டு, மீட்டரக்காவே ஒட்டியது.

போன் போட்டதும் ஓடி வந்தது பல் டாக்டர்தான். அவரும் அவளுமாக நாத்தனாரை நாற்காலியோடு தூக்கி லிப்டில் வைத்தார்கள். "நான் பல்லு பாக்கறவன், எனக்கே தெரியுது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றார். லிப்ட் கீழே இறங்கி நின்றபோது, எதிரே மாட்டியிருந்த அட்டையில் நட்சத்திரம் மினுமினுத்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியும்."

"அக்கா சொல்லக் கூடாதுன்னுச்சு."

"உங்கக்கா கிணத்துலே குதிக்கப் போறேன், சொல்லாதேன்னா சொல்ல மாட்டீங்களா?"

"நீ வட்டம் போட்டே" என்றான் அவன். சத்தம் போடவில்லை. அதனால் இன்னும் உறைத்தது. "அன்னைக்கு ராத்திரியே பேட்டரியைக் கழட்டிடுச்சு. என் வீட்டாலே போச்சுன்னு ஒருத்தன் வாயாலே வரக் கூடாதுன்னுச்சு. நான் போட்ட வாக்குவாதமெல்லாம் எனக்குத்தான் தெரியும்."

அவள் ஊரிலுள்ள மீட்டரெல்லாம் படிக்கத் தெரிந்தவள். ஃபிரிட்ஜும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடுகிற வீட்டு விளக்கு எப்படிச் சிமிட்டும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தினமும் அதன் எதிரே நின்று பார்த்தாள். எண் குறைந்தால் நல்லது என்று ஒரு தடவை மனசில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு கண் வேலை செய்யவில்லை.

நாத்தனார் பிழைத்துக்கொண்டாள். "கோடை முடியறவரைக்கும் நம்ம வீட்டிலேயே இருக்கட்டும். கணக்கும் கெடாது, அக்காவும் கெடாது" என்றான் தம்பி. நல்ல யோசனைதான். ஆனால் வீடு வந்த மறுநாள், தம்பி பெண்டாட்டி மருந்துக்கடைக்குப் போன நேரம் பார்த்து நாத்தனார் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "தைக்கக் குடுத்தவங்க இங்கேதான் வருவாங்க. உன் வீட்டுச் சோபாவிலே நான் அலமாரி மாதிரி உக்காந்திருக்கணுமா?" என்று கதவுக்கு உள்ளிருந்தே பதில். ஏசியும் போடவில்லை. போடச் சொன்னால், "கணக்கு முடியட்டும்" என்றாள்.

மீட்டரக்கா கான்ட்ராக்டருக்குப் போன் செய்தாள்.

"சட்டத்தை நகத்தணும்னா எல்லா வீட்டு ஏசியையும் சில நாள் நிறுத்தணும்மா. இந்த வெயில்லே ஒத்துப்பாங்களா? கோடை முடியட்டும்னு நீங்களும்தானே ஒத்துக்கிட்டீங்க."

"இப்ப வாங்கன்னு சொல்றேன்."

"பேங்க்லேருந்து சொன்னா வர்றேன்" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவள் எண்ணைப் பார்த்தும் அவர் எடுக்கவில்லை.

மொட்டை மாடிக்கு ஏறி அந்த உறுமலுக்கு நடுவே நின்றாள். வெறும் சிமெண்டு செருப்பைத் தாண்டிச் சுட்டது. தள்ளுபடி கைக்கு வந்துவிட்டால் இந்த மூலைக்கு எவன் ஏறி வரப்போகிறான்? இன்றைக்கு இருக்கிற அவசரம் அன்றைக்கு யாருக்கு இருக்கும்? அடுத்த கோடைக்கும் பேட்டரி கடிகாரத்தில்தான் கிடக்கும். ஆனால் வங்கியிடம் சொன்னால், வேலை முடிந்தது என்று போட்ட கையெழுத்து பொய் என்று ஆகும். கீழே இருக்கிற அத்தனை குடும்பமும் நெற்றி வேர்வையோடு இழுத்துப் பிடித்த கோடை அது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தாள். கடையில் ஒருவருக்குச் சில்லறையைக் கூடக் கொடுத்துவிட்டு வசவு வாங்கினாள். மூன்றாம் நாள் உணவு இடைவேளையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வங்கி அதிகாரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள்.

அதிகாரியம்மா நல்ல மாதிரி. மேலே ஏறி வந்து பார்த்தார். படம் எடுத்துக்கொண்டார். "நீங்களா சொன்னதாலே கடனை ரத்து பண்ண மாட்டாங்க" என்றார். "ஆனா வேலை முடியாம எடுத்த கணக்கு செல்லாது. இந்தக் கோடை போச்சு. கான்ட்ராக்டர் வந்து முடிக்கணும், அடுத்த கோடையிலே முதல்லேருந்து பாப்போம். அதுவரைக்கும் முழு வட்டிதான்."

கார் நிறுத்துமிடத்தில் மறுபடியும் பிளாஸ்டிக் நாற்காலிகள். இந்தத் தடவை மீட்டரக்காவுக்கு நாற்காலி போடவில்லை.

"ஒரு வார்த்தை எங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார் மூன்றாம் மாடிக்காரர். "நாங்க பிள்ளைங்களைப் புழுக்கத்துலே படுக்கப் போட்டது எதுக்கு?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்போம். அதனாலேதான் கேக்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளைக் குடைந்தது. பல் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் பதவி அவரிடம் போயிற்று, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். மீட்டர் அறைச் சாவியை மட்டும் யாரும் கேட்கவில்லை, மறந்துவிட்டார்கள்.

கான்ட்ராக்டர் வந்தார். ஏசியில்லாத அந்தச் சில நாட்களில் படிக்கட்டில் எதிரே வந்தவர்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள், மரியாதையால் இல்லை. சட்டம் மொட்டை மாடிப் படிக்கட்டுக் கூரையின் மேல் ஏறியது. மூலையில் பலகை பதித்து வெள்ளை ஓடு போட்டார்கள். கடைசி ஓடு பதிந்த மாலையில், அவள் புதுப் பேட்டரி இரண்டை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

நாத்தனார் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"வா. சந்தோஷமா?"

"அண்ணி, இப்பப் போட்டுக்கலாம். மேலே மூடியாச்சு."

"என் வீட்டாலே போச்சுன்னு பேர் வரக் கூடாதுன்னு கோடை பூரா வெந்தேன். இப்ப லிப்டிலே ஏறினா, மேல் வீட்டாலே போச்சுன்னுதான் பேசறாங்க. நான் வெந்ததையும் தண்ணியிலே போட்டுட்டியே. யாரு உன்னைக் கேட்டா?"

"யாரும் கேக்கலே."

"அப்புறம்?"

"கேட்டிருந்தா நீங்க சரின்னு சொல்லியிருக்க மாட்டீங்க."

நாத்தனார் கையை நீட்டிப் பேட்டரியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மீட்டரக்கா கீழே இறங்கி மீட்டர் அறைக்குள் போய் நின்றாள். எல்லா வீட்டு விளக்குகளும் படபடத்துக்கொண்டிருந்தன. இனிக் கணக்கு இல்லை என்றதும் ஊரே ஏசியைப் போட்டிருந்தது. மூலை வீட்டு விளக்கு மட்டும் பழையபடி, நின்று நின்று, ஒரு சிமிட்டல். அவள் நின்றாள். இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் கொசு ரீங்காரம் போட்டது. வேலை முடிந்து வந்த கணவன் சைக்கிள்களுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்தான்.

"என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லே."

அவன் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தான். பையிலிருந்து போனை எடுத்தான்.

"அக்கா, இவ மீட்டர் ரூம்லே நிக்கறா. நீ போடறவரைக்கும் வரமாட்டா போலிருக்கு."

"நிக்கட்டும்" என்ற குரல் அவள் காதுவரை கேட்டது. "கொசு கடிக்கட்டும். எனக்கென்ன."

போன் அணைந்தது. இருவரும் அந்த விளக்கையே பார்த்தார்கள். ஒரு சிமிட்டல். இடைவெளி. இன்னொரு சிமிட்டல். பிறகு, யாரோ உள்ளங்கையால் முதுகில் தட்டி எழுப்பின மாதிரி, விளக்கு வேகம் பிடித்தது. மற்ற விளக்குகளோடு சேர்ந்து படபடவென்று அடிக்கத் தொடங்கியது.

"வா, போலாம்" என்றான் அவன்.

"நீங்க போங்க" என்றாள். "போட்டுட்டு அணைச்சிடுவாங்க. எனக்குத் தெரியும் அவங்களை. கொஞ்ச நேரம் பாத்துட்டு வர்றேன்."